வளைவில் மட்டும் வரும் வீல் சத்தம்: ஓர் எளிய விளக்கம்

தேனி மாவட்டத்தில் கம்பம், கூடலூர் பக்கம் யாரிடமாவது "வண்டியைத் திருப்பும்போது முன் வீல்ல சத்தம் வருதுண்ணே" என்று சொல்லிப் பாருங்கள். வண்டியை எட்டிக்கூடப் பார்க்காமல் "பேரிங் போயிருக்கும்" என்று பதில் வந்துவிடும். டீக்கடையில் அதே பதில், பெட்ரோல் பங்க்கில் அதே பதில், சில பட்டறைகளிலும் அதே பதில்தான். வீல் உராயாமல் சுற்ற உதவும் அந்தப் பேரிங் போனாலும் சத்தம் வரும், உண்மைதான். ஆனால் வீல் பக்கம் சத்தம் போடக்கூடிய சாமான் பத்துப் பன்னிரண்டு இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறு வேறு நேரத்தில், வேறு வேறு விதமாகச் சத்தம் போடும்.

எங்கள் வீட்டுச் சின்னக் காரில் இது நடந்தது. வீதியிலிருந்து எங்கள் சந்துக்குள் வலதுபக்கம் ஒடிக்கும்போது மட்டும் டக், டக், டக் என்று முன்னால் கேட்கும். நேராக ஓட்டினால் ஒன்றும் இல்லை. ஒரு பட்டறையில் முன் பேரிங் இரண்டையும் மாற்றினார்கள். அன்று சாயங்காலமே அதே சந்து, அதே திருப்பம், அதே டக் டக் டக். பிறகு ஒரு வேலையாகக் கேரள எல்லையில் இருக்கும் குமுளி போனபோது அங்கே ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். "என்ன சத்தம்?" என்று அவர் கேட்கவில்லை. "எப்பழா சப்தம் வருன்னது?" என்றுதான் மலையாளத்தில் கேட்டார். எப்போது வருகிறது?

சத்தத்தை நாம் டக் டக், கடகட, ஊம், கிர் என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்வோம். கேட்பவருக்கு அதில் பாதிதான் புரியும். எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பது அப்படியல்ல. அதை யாரும் தவறாமல் கவனிக்கலாம், தெளிவாகச் சொல்லலாம். இந்தக் கட்டுரை முழுக்க அந்த 'எப்போது' பற்றித்தான்.

வளைவில் வீலுக்கு என்னதான் நேர்கிறது?

கோயில் தேர் முக்கில் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். நேர் வீதியில் எல்லாச் சக்கரமும் ஒரே தூரம் ஓடும். முக்கு வந்ததும் உள்பக்கச் சக்கரம் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்க, வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டம் அடிக்க வேண்டியிருக்கும். தேர்ச் சக்கரத்தைக் காரின் முன் வீல் போலத் திருப்ப முடியாது. அதனால் கட்டை கொடுத்து, தரையை அரைத்துக்கொண்டுதான் தேர் திரும்பும். அந்த நறநறப்பு வீதி முழுக்கக் கேட்கும்.

காரில் முன் வீல்கள் திரும்பும். அதுவும் இரண்டும் ஒரே அளவில் திரும்புவதில்லை, உள்பக்க வீல் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பும். மியூனிக்கில் குதிரை வண்டி செய்துகொண்டிருந்த ஜார்ஜ் லாங்கென்ஸ்பெர்கர் 1817இல் கண்டுபிடித்த ஏற்பாடு இது. அவர் சார்பில் 1818இல் லண்டனில் காப்புரிமை வாங்கிய ருடால்ஃப் அக்கர்மன் பெயரிலேயே இன்றும் அழைக்கப்படுகிறது. இந்த ஏற்பாடும் முழுக்கத் திருப்பிய நிலையில் கச்சிதமாக வேலை செய்வதில்லை, டயர் கொஞ்சம் தரையில் இழுபடும். ஆஸ்பத்திரி, கடைகளின் அடித்தளத்தில் வழுவழுப்பான பெயின்ட் தரையில் வண்டியைத் திருப்பும்போது கீச்சென்று கேட்கிறதே, அது இதுதான். அதற்குப் பட்டறை தேவையில்லை.

இரண்டாவது விஷயம் எடை. லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏலத் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பைப் பாருங்கள். வண்டி வலதுபக்கம் வளைந்தால் உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் இடதுபக்கம் சாய்வார்கள். வண்டியும் அப்படியே சாய்கிறது. அந்த நேரத்தில் இடது வீல்கள் கூடுதல் எடை தாங்குகின்றன, வலது வீல்களுக்கு எடை குறைகிறது.

மூன்றாவது விஷயம் கோணம். இன்றைய பெரும்பாலான சின்னக் கார்களில் என்ஜின் சுற்றுவது முன் வீல்களைத்தான். ஆக முன் வீல் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்ய வேண்டியிருக்கிறது. பக்கவாட்டில் மடங்க வேண்டும், மடங்கிய நிலையிலேயே என்ஜின் சக்தியை வாங்கிச் சுற்றவும் வேண்டும். அந்தச் சக்தியை வீலுக்குக் கொண்டுவரும் தண்டும் (டிரைவ் ஷாஃப்ட்) அப்போது மடங்கியபடியே சுற்ற வேண்டும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால், வண்டி திரும்பும்போது டயர் கொஞ்சம் இழுபடுகிறது, எடை வெளிப்பக்கம் போகிறது, சுற்றும் தண்டு மடங்குகிறது. வளைவில் மட்டும் வரும் சத்தம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றிலிருந்தே பிறக்கிறது.

நிற்கும்போதா, ஓடும்போதா?

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, என்ஜினை ஓடவிட்டு ஸ்டீரிங்கை இருபுறமும் முழுக்கத் திருப்புங்கள். சத்தம் வந்தால் வீல் சுற்றுவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பேரிங்கும் இல்லை, டிரைவ் ஷாஃப்ட்டும் இல்லை. இந்த ஒரு நிமிடச் சோதனையிலேயே பாதிச் சந்தேகம் கழன்றுவிடும்.

சத்தம் வராவிட்டால் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சின்னக் காரின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.8 மீட்டர் போகும். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் வீல் விநாடிக்கு ஒன்றரைச் சுற்று சுற்றுகிறது. சத்தமும் அந்தத் தாளத்துக்கு ஏற்ப வருகிறதா, வேகம் கூடினால் அதுவும் நெருங்கி வருகிறதா என்று கேளுங்கள். அப்படி வந்தால் சுற்றும் சாமான் ஒன்றில்தான் குறை. எப்போதாவது ஒருதரம் மட்டும், பள்ளம் மேட்டில் 'டொக்' என்றால் அது சுற்றாத சாமான்.

ஒரு யோசனை. கண்ணாடியை இறக்கிவிட்டு, காம்பவுண்டு சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டுங்கள். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது தெளிவாகக் கேட்கும். மலைப்பாதையில் பாறை வெட்டிய பக்கம் போகும்போது பலருக்கு முதல்முறையாகச் சத்தம் காதில் விழுவதும் இதனால்தான்.

டக் டக் டக்: சி.வி. ஜாயின்ட்

குமுளி மெக்கானிக் என்னை ஒரு காலி இடத்துக்கு ஓட்டச் சொன்னார். வலதுபக்கம் முழுக்கத் திருப்பி, முதல் கியரில் மெதுவாக வட்டம் அடிக்க வேண்டும். டக் டக் டக். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தச் சொன்னார், சத்தம் பலத்தது. காலை எடுத்தேன், குறைந்தது. ஸ்டீரிங்கை நேராக்கினேன், நின்றே போனது. "மதி" (போதும்) என்று கையைக் காட்டிவிட்டு இடது வீலுக்குப் பின்னால் குனிந்து செல்போன் வெளிச்சம் அடித்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். துருத்தி போல மடிப்பு மடிப்பாக ஒரு கறுப்பு ரப்பர். அதன் ஒரு மடிப்பில் விரல் நீளத்துக்குக் கிழிசல். சுற்றிலும், ரிம்மின் உள்பக்கத்திலும், கரும்பச்சையாகக் கிரீஸ் சிதறி, அதன்மேல் மண் அப்பியிருந்தது. பேரிங் மாற்றியவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் அந்தக் கிழிசலும் இருந்திருக்கிறது.

இது ஏன் என்று புரிய டிராக்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ரொட்டவேட்டரைச் சுற்ற டிராக்டரின் பின்னாலிருந்து ஒரு தண்டு போகிறதல்லவா, அதன் இரு முனையிலும் கூட்டல் குறி போல ஒரு கிராஸ் இருக்கும். வரப்போரம் திரும்பும்போது ரொட்டவேட்டரைத் தூக்கினால் தண்டு கடகடவென்று உதறும். அதனால் அனுபவமுள்ள டிரைவர் தண்டின் சுற்றை நிறுத்திவிட்டுத்தான் திருப்புவார். காரணம் அந்தக் கிராஸ்தான். தண்டு மடங்கியிருக்கும்போது ஒரு பக்கம் சீரான வேகத்தில் சுற்றினாலும் மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகமாகவும் இருமுறை மெதுவாகவும் சுற்றும். மடக்கம் கூடக்கூட உதறலும் கூடும்.

காரின் முன் வீலுக்கு இப்படி ஒரு கிராஸ் வைத்த மூட்டு போட்டால் ஒவ்வொரு வளைவிலும் ஸ்டீரிங் கையில் துள்ளும். அதற்குத்தான் சி.வி. ஜாயின்ட். மடங்கிய நிலையிலும் இரு பக்கமும் ஒரே வேகத்தில் சுற்றும் மூட்டு. தமிழில் 'மாறா வேக மூட்டு' என்று சொல்லலாம். ஃபோர்டு நிறுவனப் பொறியாளர் ஆல்ஃப்ரட் ஷெப்பா 1920களில் உருவாக்கிய வடிவம்தான் இன்று பெரும்பாலான கார்களின் வீல் பக்கம் இருக்கிறது. கிண்ணம் போன்ற ஒரு கூட்டுக்குள் ஆறு எஃகுக் குண்டுகள். குண்டுகள் ஓட வளைந்த பள்ளங்கள். தண்டு எவ்வளவு மடங்கினாலும் குண்டுகள் தங்கள் பள்ளத்தில் நகர்ந்து, மடக்கத்தின் சரிபாதிக் கோணத்தில் நின்று சக்தியைக் கடத்தும். எனக்கு இது மிக அழகான ஏற்பாடாகத் தோன்றுகிறது.

இந்தக் குண்டுகள் கிரீஸிலேயே கிடக்க வேண்டும். அந்தக் கிரீஸைக் காப்பதுதான் துருத்தி ரப்பர்; பட்டறையில் பூட் என்பார்கள். பூட் கிழிந்தால் வீல் சுற்றும் வேகத்தில் கிரீஸ் வெளியே தெறித்துவிடும். காலியான இடத்தில் மண்ணும் தண்ணீரும் புகும். மிச்சக் கிரீஸும் மண்ணும் குழைந்து, பாத்திரம் தேய்க்கும் பொடி போல, பள்ளங்களைத் தேய்க்கும். தேய்ந்த பள்ளத்தில் குண்டு தளர்வாக இருக்கும். நேராகப் போகும்போது குண்டுகள் பெரிதாக நகர்வதில்லை, சத்தமும் இல்லை. முழுக்கத் திருப்பி, சக்தியும் கொடுக்கும்போது ஒவ்வொரு குண்டும் பள்ளத்தில் நெடுந்தூரம் ஓடி, தேய்ந்த இடத்தில் தட்டும். அதுதான் அந்த டக் டக் டக்.

மலை ஓரத்து ஊர்களில் இந்தக் கோளாறு சீக்கிரம் காதில் விழுவதற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் ஸ்டீரிங் முழுக்கத் திரும்பியிருக்கும், முதல் அல்லது இரண்டாம் கியர், கால் ஆக்சிலேட்டரில் அழுத்தமாக இருக்கும், வண்டியில் ஆள் நிறைந்திருப்பார்கள். மூட்டுக்கு இதைவிடக் கடினமான வேலை கிடையாது. சமவெளி நெடுஞ்சாலையிலேயே ஓடும் வண்டி இப்படி மடங்கிச் சக்தி கொடுப்பது அரிது.

பழைய அம்பாசிடர், பத்மினி வண்டிகளில் என்ஜின் பின் வீலைத்தான் சுற்றும், முன் வீலுக்கு இந்த மூட்டே கிடையாது. 1983இல் மாருதி 800 வந்த பிறகுதான் முன் வீல் இழுக்கும் கார் நம் தெருக்களில் பெருகியது. உங்களுடையது பின் வீல் மட்டும் இழுக்கும் ஜீப்போ வேனோ என்றால் முன்னால் கேட்கும் டக் டக்குக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

எந்தப் பக்க மூட்டு என்பதைச் சத்தத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். வளைவின் வெளிப்பக்க மூட்டில் சத்தம் பலமாக இருப்பது வழக்கம்தான், ஆனால் நிச்சயம் இல்லை. பூட் ரப்பரைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். இன்னொன்று: சத்தம் தொடங்கும் முன் கிழிசலைக் கண்டுபிடித்தால், கழற்றிச் சுத்தம் செய்து புதுக் கிரீஸும் புது பூட் ரப்பரும் போட்டால் போதும். சத்தம் தொடங்கிவிட்டால் புதுக் கிரீஸால் தேய்ந்த பள்ளம் நிரம்பாது. ஜாயின்ட்டையோ முழு ஷாஃப்ட்டையோ மாற்ற வேண்டியதுதான்.

சுருக்கமாக: மெதுவாகப் போகும்போது, முழுக்கத் திருப்பி, ஆக்சிலேட்டர் கொடுத்தால் வீலின் தாளத்தில் தட்டும் சத்தம் என்றால் முதல் சந்தேகம் சி.வி. ஜாயின்ட்.

ஊம்ம்ம்: அப்போதுதான் பேரிங்

சைக்கிள் வீலைத் தூக்கிப் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். நல்ல வீல் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். பால்ரஸ் குண்டு தேய்ந்திருந்தால் அச்சைப் பிடித்த விரலில் கரகரவென்று ஓர் அதிர்வு தெரியும். கார் வீல் பேரிங்கும் அதே குடும்பம்தான். வீல் உராயாமல் சுற்றுவதற்காக இரு வளையங்களுக்கு நடுவே குண்டுகளோ உருளைகளோ வைத்த சாமான்.

பேரிங் தேய்ந்தால் தனித்தனியாகத் தட்டாது, தொடர்ந்து முனகும். தூரத்தில் மாவு மில் ஓடுவது போல. நடை வேகத்தில் பெரும்பாலும் கேட்காது. மணிக்கு 40, 50 கி.மீ. தாண்டும்போது எழும், வேகத்தோடு சுருதி ஏறும். கிளட்ச்சை மிதித்தாலும் குறையாது, ஏனென்றால் என்ஜினுக்கும் அதற்கும் தொடர்பில்லை. என் வண்டியில் சத்தம் வந்தது நடை வேகத்தில், தட்டும் சத்தம், நேராக ஓடினால் இல்லை. மூன்றுமே பேரிங்குக்குப் பொருந்தாதவை.

இங்கே ஜீப்பில் சாய்ந்த ஆட்களை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல அகலமான, ஆளில்லாத சாலையில் மிதமான வேகத்தில் மெல்ல வலதுபக்கம் வளைந்தால் எடை இடது வீல் மேல் போகும். அப்போது முனகல் கூடினால் இடது பேரிங். இடதுபக்கம் வளையும்போது கூடினால் வலது. மிகப் பெரும்பாலும் இந்தக் கணக்கு சரியாக வரும்.

பேரிங்கோடு குழப்பிக்கொள்ளும் ஆள் டயர். டயர் மேடு பள்ளமாகத் தேய்ந்திருந்தாலும் இதே போல முனகும். உள்ளங்கையை டயர் மேல் முன்னும் பின்னும் ஓட்டினால் படிப்படியாகத் தட்டுப்படும். டயர் சத்தம் தார் ரோட்டில் ஒருவிதம், சிமெண்ட் ரோட்டில் ஒருவிதம் என மாறும். பேரிங் அவ்வளவாக மாறாது. முன் டயர்களைப் பின்னால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். சத்தமும் பின்னால் போய்விட்டால் பேரிங் செலவு மிச்சம்.

கிர்ர்ர்: திடீரென்று வந்த சத்தம்

எஸ்டேட் மண் ரோட்டில் போய் வந்ததும் ஒரு வீலில் இரும்பைத் தகரத்தால் சீவுவது போலச் சத்தம் வந்தால் பதற வேண்டாம். பிரேக் டிஸ்க்குக்குப் பின்னால் தூசி படாமல் இருக்க மெல்லிய தகடு ஒன்று இருக்கும். நடுவில் மிளகு அளவு கல் மாட்டினாலும் உயிர் போவது போலக் கத்தும். வண்டியைச் சில தடவை முன்னும் பின்னும் எடுத்தால் பெரும்பாலும் தானே விழுந்துவிடும். வீல் மேல் வளைவில் இருக்கும் பிளாஸ்டிக் தகடு கழன்று, திருப்பும்போது டயரில் உராய்வதும் உண்டு. கிளிப் ஒன்று போட்டால் சரி.

நின்ற இடத்தில் திருப்பினாலே வரும் சத்தங்கள்

'டொய்ங்' என்று ஸ்பிரிங் முறுக்கி விடுவது போலக் கேட்டால் ஸ்ட்ரட் மவுண்ட்டைப் பாருங்கள். ஷாக் அப்சார்பரும் காயில் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்தான் ஸ்ட்ரட். அதன் உச்சியை வண்டியோடு இணைக்கும் சாமான் மவுண்ட். திருகாணி துருப்பிடித்த பாட்டில் மூடி போல, அது இறுகிப்போனால் ஸ்பிரிங் திரும்பாமல் முறுக்கிக்கொண்டு, பிறகு சட்டென்று விடும். ஒருவர் ஸ்டீரிங்கைத் திருப்ப, மற்றவர் பானட்டைத் திறந்து ஸ்ட்ரட் உச்சியைக் கவனித்தால் தெரிந்துவிடும்.

எண்ணெயால் இயங்கும் பவர் ஸ்டீரிங் உள்ள வண்டியில், முழுக்கத் திருப்பிப் பிடித்தால் 'ஊய்ங்' என்று வருவது இயல்பு. பம்பு திணறும் சத்தம் அது. சில விநாடிக்கு மேல் அப்படியே பிடித்திருக்கக் கூடாது. பாதி திருப்பும்போதே ஊளையிட்டால் எண்ணெய் குறைந்திருக்கலாம், அளவைப் பாருங்கள். மோட்டார் வைத்த மின்சார பவர் ஸ்டீரிங்கில் இந்தப் பம்பே கிடையாது.

கவலைப்பட வேண்டியது பால் ஜாயின்ட். வீலைத் தாங்கும் கீழ்க்கையையும் வீல் பாகத்தையும் இணைக்கும், நம் தோள்மூட்டு போன்ற குமிழ் அது. காய்ந்துபோனால் திருப்பும்போது மரக்கதவு போல முனகும், பள்ளத்தில் 'டொக்' என்று இடிக்கும். இது கழன்றால் வீல் பக்கவாட்டில் மடிந்து விழும், வண்டி கைக்கு அடங்காது.

மலை ஏறும் முன்

ஸ்டீரிங், வீல் பக்கம் எந்தப் புதுச் சத்தம் வந்தாலும் முதலில் வீல் நட்டுகளைப் பாருங்கள். அதுவும் சமீபத்தில் பஞ்சர் ஒட்டியோ வீல் கழற்றியோ இருந்தால் கட்டாயம். தளர்ந்த நட்டும் டக் டக் என்றுதான் தட்டும், வீலே கழன்று போகும்.

பிறகு வீலை ஜாக்கியில் ஏற்றி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சமதரை, ஹேண்ட் பிரேக், மற்ற வீல்களுக்குக் கல் என எல்லாம் வைத்த பிறகுதான் ஜாக்கி. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ நுழைக்கவே கூடாது. கடிகாரத்தின் 12, 6 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டும்போது தளர்ச்சி தெரிந்தால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். 9, 3 இடங்களில் மட்டும் தெரிந்தால் ஸ்டீரிங்கோடு வீலை இணைக்கும் டை ராடு. எந்தத் தளர்ச்சி இருந்தாலும் அன்று மலை ஏறாதீர்கள்.

சி.வி. ஜாயின்ட் டக் டக் என்று தொடங்கிய அன்றே முறிந்துவிடாது. ஆனால் முறிந்தால் மற்ற வீலுக்கும் சக்தி போகாது, ஏற்றத்தில் வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கும். கியரில் போட்டு நிறுத்தும் பழக்கமும் அப்போது உதவாது, கியர் பிடிப்பதே அந்தத் தண்டு வழியாகத்தான். ஹேண்ட் பிரேக்கும் வீலுக்கு அடியில் கல்லும்தான் கை கொடுக்கும். அதனால் டக் டக் கேட்ட வண்டியைச் சரிசெய்யாமல் குமுளிக்கோ போடிமெட்டுக்கோ ஏற்ற வேண்டாம்.

பட்டறையில் "பேரிங் பாருங்க" என்று சொல்லாமல் நீங்கள் கண்டதை அப்படியே சொல்லுங்கள். "வலதுபக்கம் முழுசாத் திருப்பி ஆக்சிலேட்டர் கொடுத்தா வீல் சுத்துற கணக்குக்கு டக் டக்னு வருதுண்ணே. நேரா போனா இல்ல. நின்ன இடத்துல திருப்பினாலும் இல்ல." இவ்வளவு போதும். மெக்கானிக்கையும் கூட உட்காரவைத்து ஒருதரம் ஓட்டிக் காட்டிவிடுங்கள்.

எங்கள் வண்டிக்கு இடது ஷாஃப்ட் மாற்றியபோது குமுளி மெக்கானிக் ஒரு பழக்கத்தையும் சொல்லிக் கொடுத்தார். டீ குடிக்க நிறுத்தும்போது ஸ்டீரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி நிறுத்த வேண்டும். வீல் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், பின்னால் பூட் நன்றாகத் தெரியும். செல்போன் வெளிச்சத்தில் மடிப்புகளைப் பார்த்து, ரிம்மின் உள்பக்கம் புதுக் கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று பார்க்க அரை நிமிடம் ஆகும். அடுத்த நிறுத்தத்தில் மறுபக்கம். ஜூனில் அந்தப் பக்கம் மழை பிடிக்கும் முன் ஒருதரம், நம் பக்கம் ஐப்பசி மழைக்கு முன் ஒருதரம் பார்த்துவிடுகிறேன்.